வீட்டுக்குள் வந்த போர்

(கும்மிடிப்பூண்டியில் 'அந்த நாள்' திரையிடப்பட்ட மாலையில், படம் முடிந்தபின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் செங்குன்றத்தைத் தாண்டித்தான் போகிறோம். செங்குன்றம் ஏரி சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது அந்த ஏரித் தண்ணீரில் போர் விமானங்கள் மிதந்துகொண்டிருந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கேட்டலினா என்று அந்த விமானத்துக்குப் பெயர். படகு போலத் தண்ணீரில் இறங்கும், தண்ணீரிலிருந்தே கிளம்பும். பிரிட்டிஷ் விமானப் படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் 1942-ல் இந்த ஏரிக்கரைக்கு வந்தது. வங்கக் கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடிப் பறப்பது அதன் வேலை. 1944 மார்ச்சில் 628 என்ற எண்ணில் இன்னொரு ஸ்குவாட்ரன் இதே ஏரியில் தொடங்கப்பட்டது. எதிரி பிடித்து வைத்திருந்த கரைகளில் உளவாளிகளை இருட்டில் கொண்டுபோய் இறக்குவதும் திரும்ப அழைத்து வருவதும் அதன் வேலைகளில் ஒன்று.

செங்குன்றத்திலிருந்து வடக்கே சோழவரத்துக்கு வந்தால் ஒரு பழைய ஓடுதளம். போருக்குப் பிறகு பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்த இடம் என்றுதான் அதை மக்களுக்குத் தெரியும். அதுவும் போர்க்காலத்தில் விமானப் படைக்காகப் போட்டதுதான். மேற்கே ஆவடியில் ராணுவக் கிடங்குகள் வந்தன. திருவள்ளூருக்குப் பக்கத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1940-ல் தொடங்கிய வேலை 1944-ல் முடிந்தது. அந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி, அணை நிரம்புவதைப் பார்க்காமலே 1943 மார்ச்சில் கைதியாக மருத்துவமனையில் இறந்துபோனார். தென்னிந்திய ஃபிலிம் சேம்பரின் முதல் தலைவரும் அவர்தான் என்பதை, ஒரு சினிமாக் கூட்டத்தில் பேசும்போது சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் எதற்காகச் சொல்கிறேன் என்றால், நாம் இப்போது பார்த்த படத்தை யாரோ ஒருவரின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது என்பதற்காகத்தான். 1943-ல் இந்த வட்டாரத்தில் இருந்தவர்களுக்குப் போர் பத்திரிகையில் படித்த செய்தி மட்டுமல்ல, தலைக்கு மேலே தினமும் கேட்ட இரைச்சல். போர்க்களம் பர்மாவில் இருந்தது. ஆனால் போர் இங்கேயும் இருந்தது.

1942 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் ஜப்பானியர் குண்டு வீசினார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஊரை விட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. அரசு அலுவலகங்கள் கோப்புகளைக் கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்ற பயத்தில் மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். திருவள்ளூர் வழியாக அரக்கோணம் பக்கம் போகும் ரயில்களில் ஒரு நகரமே மூட்டை முடிச்சோடு ஏறியது. கிராமத்தில் வீடு இருந்தவர்கள் கிராமத்துக்குப் போனார்கள். இல்லாதவர்கள் உறவினர் வீட்டுத் திண்ணைக்குப் போனார்கள்.

குண்டு அப்போது விழவில்லை. பயந்து போனவர்கள் மெல்லத் திரும்பி வந்து, வழக்கமான வாழ்க்கை தொடங்கி, ஒன்றரை ஆண்டு கழித்து, 1943 அக்டோபர் 11-ஆம் தேதி இரவில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்தது. துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. சேதம் பெரிதில்லை. 1914-ல் எம்டன் கப்பல் சுட்டது ஊர் நினைவில் தங்கியதுபோல இந்தக் குண்டுவீச்சு தங்கவில்லை. சென்னையிலேயே பலருக்கு இப்படி ஒன்று நடந்தது என்று தெரியாது. அதை மறதியிலிருந்து எடுத்து, அந்த ஓர் இரவின் மேல் ஒரு முழுப் படத்தைக் கட்டியவர் எஸ். பாலசந்தர்.

வீணை பாலசந்தர் என்றால் உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 1927-ல் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே 1934-ல் வந்த 'சீதா கல்யாண'த்தில் நடித்தவர். அதே படத்தில் ராமனாக நடித்தவர் அவருடைய அண்ணன், பிற்காலத்தில் ஓவியராகவும் இசைக் கலைஞராகவும் பெயர் பெற்ற எஸ். ராஜம். குருவிடம் முறையாகப் பயிலாமல் தானே வீணை கற்று உச்சத்துக்குப் போனவர் பாலசந்தர். பதின்ம வயதில் சென்னை வானொலி நிலையத்தில் வாத்தியக் கலைஞராக இருந்தவர். குண்டு விழுந்த இரவில் அவருக்குப் பதினாறு வயது. படத்தின் நாயகன் வானொலிப் பொறியாளனாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்த உலகம் அவருக்கு உள்ளிருந்து தெரிந்த உலகம்.

இவ்வளவு இசை தெரிந்த மனிதர்தான் தமிழில் பாட்டே இல்லாத முதல் படத்தை எடுத்தார். பாட்டு இல்லை, நடனக் காட்சி இல்லை, சண்டை இல்லை. தயாரித்தது ஏவி.எம். வெளியானது 1954 ஏப்ரல் 13. கதையின் மூலம் பாலசந்தருடையது, வசனம் எழுதியவர் ஜாவர் சீதாராமன். சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. ஒளிப்பதிவு எஸ். மாருதி ராவ். முதலில் இதை பாலசந்தர் நாடகமாக எழுதி வானொலிக்குக் கொடுத்ததாகவும், அது ஏற்கப்படவில்லை என்றும் திரைப்பட வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஏவி.எம். அதிபர் மெய்யப்பச் செட்டியார் ஏற்றுக்கொண்டார்.

செட்டியாருக்கும் இந்தக் கதைக்கும் ஓர் உறவு உண்டு. போரால் இடம் பெயர்ந்தவர்களில் அவரும் ஒருவர். போர்க்காலத்து நெருக்கடியில், மின்சாரத் தட்டுப்பாட்டில், சென்னையில் ஸ்டுடியோ நடத்த முடியாமல் காரைக்குடிக்குப் போய்க் கூரைக் கொட்டகைகளில் ஸ்டுடியோ போட்டார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். பிறகுதான் வடபழனி. ஃபிலிம் சுருளுக்கே போர்க்காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. போர் ஆதரவுப் படங்கள் எடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர்களை நெருக்கியது. 1945-ல் வந்த 'பர்மா ராணி', 'மானசம்ரட்சணம்', 'கண்ணம்மா என் காதலி' எல்லாம் அந்தக் காலத்துப் படங்கள். 'பர்மா ராணி'யில் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரமே ஜப்பானிய அதிகாரியாக நடித்தார். அவையெல்லாம் போரை ரத்தச் சூட்டோடு, அரசாங்கத்தின் பார்வையோடு காட்டிய படங்கள். 'அந்த நாள்' ஒன்பது ஆண்டு கழித்து, யாரும் கேட்காமல், சுதந்திர நாட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்த படம். அதனால்தான் அதற்கு வேறு கேள்விகள் கேட்க முடிந்தது.

கதையை நீங்கள் இப்போதுதான் பார்த்தீர்கள். குண்டு விழுந்த மறுநாள் காலை. வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். படம் தொடங்கிச் சில நிமிடங்களில், ராஜனாக நடித்த சிவாஜி கணேசன் செத்துப்போகிறார். அதன் பிறகு அவர் மற்றவர்களின் நினைவில்தான் வருகிறார். பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, நடனக்காரி அம்புஜம், மனைவி உஷா. ஐந்து பேரும் ஐந்து ராஜன்களைக் காட்டுகிறார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள்.

அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' பாதிப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். திரைப்பட வரலாற்றாசிரியர் ராண்டார் கை போன்றவர்கள், 1950-ல் வந்த 'தி வுமன் இன் கொஸ்டின்' என்ற பிரிட்டிஷ் படம்தான் நெருங்கிய மூலம் என்று வாதிட்டிருக்கிறார்கள். கொலையான ஒரு பெண்ணை ஐந்து பேர் ஐந்து விதமாக நினைவுகூரும் படம் அது. அமைப்பைப் பார்த்தால் ராண்டார் கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. 'ரஷோமோ'னில் உண்மை கடைசிவரை கைக்கு வராது. பாலசந்தர் உண்மையைக் கையில் கொடுக்கிறார். இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள், கலை தைரியம் போதவில்லை என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தப் படத்தில் யார் சுட்டது என்று தெரிந்த பிறகுதான் கனமான கேள்வியே தொடங்குகிறது.

முதல் நான்கு சாட்சியங்களைக் கவனித்தீர்களா? சொத்து, பணம், பொறாமை, தகாத உறவு. எந்தக் குடும்பத்திலும் எந்தக் காலத்திலும் நடக்கக்கூடியவை. போர் என்ற ஒன்று வெளியே நடப்பதே அந்தச் சாட்சியங்களில் தெரியாது. குண்டுவீச்சு வெறும் பின்னணி, கதைக்குத் தேதி குறிக்க வைத்த சாக்கு என்றுகூட நாம் நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். ஐந்தாவதாக உஷா வாயைத் திறக்கும்போதுதான், போர் இத்தனை நேரமும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது என்று தெரிகிறது. வானொலிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. ராஜன் ஜப்பானியருக்கு ரகசியம் அனுப்பிய ஒற்றன். ஊரின் மேல் விழுந்த குண்டுக்கு ஊருக்குள்ளிருந்து வழி சொன்னவன்.

அந்த நான்கு சாட்சியங்களையும் வெறும் திசைதிருப்பல் என்று நான் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் அவரவர் சின்ன வழக்கில் மூழ்கியிருந்தார்கள். கூடத்தில் ஒருவன் நாட்டை விற்றுக்கொண்டிருந்ததை அவர்களில் யாரும் பார்க்கவில்லை. போர்க்களத்துக்குப் பின்னால் இருக்கும் ஊர்களில் போர் இப்படித்தான் நடக்கிறது. பங்கு கேட்கும் தம்பிக்கும், அரிசிக்கு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கும், வதந்தி பேசும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவில், யாருக்கும் தெரியாமல் நடக்கிறது.

இப்போது ராஜனைப் பற்றிப் பேச வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. உங்களில் பலர் பொறியியல் படித்தவர்கள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள், இயந்திரத்தோடு நாளெல்லாம் நிற்பவர்கள். ராஜன் உங்கள் இனம். ஏழை வீட்டிலும் ஒரு ரேடியோ இருக்க வேண்டும், மலிவாகச் செய்து கொடுக்க முடியும் என்று நினைத்த ஆராய்ச்சிக்காரன். அவன் கேட்டது ஆதரவு. இங்கே யாரும் கொடுக்கவில்லை. ஜப்பான் கொடுக்கிறேன் என்றது. அங்கே தொடங்குகிறது அவன் சரிவு.

1940-களில் ரேடியோ பெட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நினைத்துப் பாருங்கள். சென்னை வானொலி நிலையம் 1938-ல்தான் தொடங்கியது. பெட்டி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஊருக்கு ஒன்றிரண்டு வீட்டில் இருக்கும், தெருவே வந்து கேட்கும். போர்க்காலத்தில் பெர்லினிலிருந்து ஆசாத் ஹிந்த் வானொலி தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசியது. கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் மலிவு ரேடியோ என்பது ஏழைக்கும் உலகத்தின் குரல் கேட்க வேண்டும் என்ற கனவு. உயர்ந்த கனவு. பாலசந்தர் அந்தக் கனவைக் கொச்சைப்படுத்தவில்லை. சிவாஜியும் அதை ஒரு வில்லனின் சமாதானமாக நடிக்கவில்லை. ஒரு யோசனையை எழுதி மேலே கொடுத்துவிட்டுப் பதில் வராமல் காத்திருந்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். ராஜனின் முகத்தில் இருந்த கசப்பு உங்களுக்கு உடனே புரிந்திருக்கும்.

அவன் மனக்குறை நியாயமானது. அவன் செய்தது மன்னிக்க முடியாதது. இந்த இரண்டையும் ஒன்றையொன்று தின்ன விடாமல் ஒரே மனிதனுக்குள் வைத்துக் காட்டியதுதான் இந்தப் படம் செய்த பெரிய காரியம் என்பது என் கருத்து. 'பராசக்தி'யில் 1952-ல் ஊரே கொண்டாடிய குணசேகரன், இரண்டே ஆண்டில் தேசத்துரோகியாக நடிக்க ஒப்புக்கொண்டதும் சாதாரண விஷயமில்லை. 1954 மார்ச்சில்தான் 'மனோகரா' வந்து, சிவாஜியின் கர்ஜனை கொட்டகைகளை அதிர வைத்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே அதே குரல் தாழ்ந்து, அறைக்குள் பேசுவதுபோலப் பேசியது.

படத்தின் மேல் எனக்கு ஒரு பெரிய வழக்கும் உண்டு. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1943 செப்டம்பர் 10-ஆம் தேதி, அதாவது சென்னையில் குண்டு விழுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, சென்னைச் சிறையில் வக்கம் அப்துல் காதரும் அவர் தோழர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். காதர் கேரளத்து இளைஞர், வேலை தேடி மலேயா போனவர். தோழர்களில் வங்காளத்துச் சத்யேந்திர சந்திர பர்தனும் பஞ்சாபின் ஃபௌஜா சிங்கும் இருந்தார்கள். இந்திய விடுதலைக்காகப் பினாங்கில் பயிற்சி பெற்று, ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து, காதரின் குழு 1942 செப்டம்பரில் மலபாரின் தானூர்க் கரையில் இறங்கியது. எதிரியின் கையாட்கள் என்று வழக்கு நடந்தது. சட்டத்தின் பார்வையில் அவர்கள் செய்ததும் ராஜன் செய்ததும் ஒரே குற்றம். குண்டு விழுந்து பத்து நாள் கழித்து, அக்டோபர் 21-ல், சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள்.

அந்நிய ஆட்சியில் துரோகம் என்றால் என்ன? யாருக்குச் செய்தால் துரோகம்? 1943-ல் சென்னையில் இருந்த ஒரு சாதாரண மனிதனின் தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டிய கேள்வி இது. பிரிட்டிஷ்காரன் நம்மை அடிமையாக வைத்திருக்கிறான். ஜப்பான்காரன் நம் ஊரில் குண்டு போடுகிறான். ஜப்பான்காரனோடு கைகோத்து வருகிறவன் நம்முடைய நேதாஜி. படம் இந்த முடிச்சுக்குள் போகவில்லை. ராஜனைத் தனிமனிதக் கசப்பால் கெட்டுப்போனவனாக வைத்துக்கொண்டதால் அதற்குள் போக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. காதரைப் போல ஒருவனை ராஜனின் இடத்தில் வைத்திருந்தால் உஷா என்ன செய்திருப்பாள்? அந்தப் படத்தைத் தமிழில் இன்னும் யாரும் எடுக்கவில்லை. 1954-ல் எடுத்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். இப்போது எடுக்கலாம். செங்குன்றம் ஏரியிலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் ஒற்றர்களை அனுப்புகிறார்கள், தானூர்க் கரையில் ஜப்பானியர்கள் ஒற்றர்களை இறக்குகிறார்கள். இரண்டு பக்கமும் நம் ஆட்கள். இதைவிடக் கதை வேறென்ன வேண்டும்?

சரி, உஷாவுக்கு வருகிறேன். பண்டரிபாய் அந்தப் பாத்திரத்தை எவ்வளவு அடக்கமாகச் செய்திருக்கிறார் என்று பார்த்தீர்கள். மெல்லிய குரல், கலங்கிய கண், கணவனைப் பறிகொடுத்த மனைவி. படம் முழுக்க நாம் அவளுக்காகப் பரிதாபப்படுகிறோம். கடைசியில் சுட்டவள் அவள். கல்லூரி நாளிலேயே காதலித்துக் கைப்பிடித்தவனை, தாய்நாட்டை விற்கிறான் என்று தெரிந்ததும் தடுக்கப் பார்க்கிறாள், கெஞ்சுகிறாள், துப்பாக்கியை எடுக்கிறாள்.

கணவனே தெய்வம் என்று ஒவ்வொரு படமும் பாட்டாகவே பாடிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் ஒரு குடும்பப் பெண், கணவனைவிட நாடு பெரிது என்று முடிவெடுப்பதைத் தமிழ்ப் படம் காட்டியது. அந்தத் தீர்ப்பை நீதிபதி சொல்லவில்லை, அதிகாரி சொல்லவில்லை. மாலையிட்டவள் சொன்னாள்.

பிரிட்டனில் 1942-ல், போர் நடக்கும்போதே, கவல்கான்டி இயக்கிய 'வென்ட் தி டே வெல்' என்ற படம் வந்தது. ஓர் ஆங்கிலக் கிராமத்தில் ஜெர்மானியப் படையினர் மாறுவேடத்தில் புகுந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு உள்ளே இருந்து உதவுகிறவன் ஊர்ப் பெரிய மனிதன். அவன் மேல் ஆசை வைத்திருந்த பாதிரியாரின் மகளே அவன் துரோகி என்று கண்டுபிடித்து, மாடிப்படி இறங்கிப் போய்ச் சுடுகிறாள். கை நடுங்கினாலும் அவள் திரும்பிப் போகவில்லை. தெரிந்தே சுடுகிறாள். நம் உஷாவோ துப்பாக்கியை நீட்டியபிறகு சுட முடியாமல் மனம் மாறுகிறாள். அந்தத் தடுமாற்றத்தில் கை தவறித் துப்பாக்கி வெடித்துவிடுகிறது.

இங்கே பாலசந்தர் ஓரடி பின்வாங்கினாரா? மனைவி மனதறிந்து கணவனைக் கொல்வதை 1954-ன் கொட்டகை தாங்காது என்று கணக்குப் போட்டாரா? போட்டிருக்கலாம். ஆனாலும் பண்டரிபாயின் முகத்தை அந்தக் கணத்தில் பாருங்கள். விபத்து என்று சட்டம் சொல்லலாம். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை. சுட வேண்டும் என்று முடிவெடுத்ததும் அவள்தான், சுடக்கூடாது என்று முடிவெடுத்ததும் அவள்தான். இரண்டும் உண்மை. அந்தப் பாரத்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப் போகிறவளும் அவள்தான். அவள் நாட்டுக்காக இழந்ததற்குப் பதக்கம் கிடையாது, விசாரணைதான் உண்டு.

மாருதி ராவின் ஒளிப்பதிவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். நேரமில்லை. முகத்தில் பாதியை இருட்டில் விட்டுப் படமெடுப்பது அப்போது தமிழுக்குப் புதிது என்பதையும், சாட்சி சொல்கிற ஒவ்வொருவருக்கும் ராஜன் மேல் விழும் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்பதையும் இன்னொரு முறை பார்க்கும்போது கவனியுங்கள். பாட்டில்லாத படத்தில் ஒலிகள் எப்படிப் பேசுகின்றன என்பதையும் கவனியுங்கள். எங்கே சத்தம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று ஒரு சங்கீதக்காரருக்குத் தெரிந்திருந்தது.

படம் ஓடவில்லை. பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்த ஜனங்கள் ஏமாந்து எழுந்து போனார்கள். தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தபின், மறுபடி வெளியிட்டபோது கொஞ்சம் பேர் வந்தார்கள். பாட்டில்லாத படம் என்பதே அதன் அடையாளமாகத் தங்கிவிட்டது. எழுபது ஆண்டாக நாமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. எதை விட்டது என்பதை வைத்தே ஒரு படத்தைக் கொண்டாடுகிறோம், எதைச் சொன்னது என்று யாரும் கேட்பதில்லை. பாலசந்தர் அதன் பிறகு 'அவனா இவன்', 'பொம்மை', 'நடு இரவில்' என்று மர்மப் படங்கள் எடுத்தார். நல்ல படங்கள். ஆனால் போரை அவர் மறுபடி தொடவில்லை. பிறகு வீணையோடே இருந்துவிட்டார். 1990-ல் பிலாய் நகரில் காலமானார். 'அந்த நாள்' வெளியான அதே ஏப்ரல் 13-ஆம் தேதி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த ஊரில் இதைக் கேட்காமல் போனால் என் பேச்சு பாதியில் நின்றதாகிவிடும்.

கும்மிடிப்பூண்டியில் 1990-லிருந்து இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், நம்மோடு ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். சென்னைக்காரர்களுக்குப் போர் என்பது ஒரே இரவு. இவர்கள் குடும்பங்களுக்கு அது ஒரு தலைமுறை. யார் காட்டிக் கொடுத்தது, யாரைக் கூட்டிப் போனார்கள், போனவர் எங்கே என்ற கேள்விகளோடு ஒவ்வொரு வீடும் இருந்திருக்கிறது. துப்புத் துலக்க ஒரு சிவானந்தம் வராத மர்மங்கள் அவை.

1997-ல் பிரசன்ன விதானகே 'புரஹந்த களுவர' என்று ஒரு சிங்களப் படம் எடுத்தார். இலங்கையின் வறண்ட பகுதிக் கிராமம். கண் தெரியாத தகப்பன் வன்னிஹாமி. ராணுவத்துக்குப் போன மகனின் உடல் என்று சீல் வைத்த பெட்டி ஒன்று வருகிறது. ஊரே அழுகிறது, அடக்கம் செய்கிறது. தகப்பன் மட்டும் நம்ப மறுக்கிறார். இழப்பீட்டுப் பணத்துக்கான தாளில் கையெழுத்துப் போட்டால் மகன் செத்தது உறுதியாகிவிடும் என்று போடாமல் இருக்கிறார். வீட்டில் பணத்துக்கு அவ்வளவு தேவை. கடைசியில் அவரே மண்வெட்டியோடு போய்ப் பெட்டியைத் தோண்டுகிறார். உள்ளே வாழைத்தண்டும் கல்லும். ஜோ அபேவிக்ரம அந்தத் தகப்பனாக நடித்தார். 2000-ல் அரசாங்கம் அந்தப் படத்தைத் தடை செய்தது. இயக்குநர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2001-ல் வென்றார். போர்க்களத்தில் ஒரு காட்சிகூட இல்லாத போர்ப் படம் அது. அங்கேயும் ஒரு வீடு, ஒரு மர்மம், உண்மையைக் கண்டே தீருவேன் என்று நிற்கும் ஒரே ஒரு மனிதர். பேசும் மொழி சிங்களம், இறந்ததாகச் சொல்லப்படுகிறவன் அந்தப் பக்கத்துப் படைவீரன். அதனாலேயே நாம் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தத் திரையிடலை நடத்தும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்ததாக அந்தப் படத்தைத் தமிழ்த் துணைத்தலைப்போடு இதே அரங்கில் போடுங்கள். இரண்டாம் ஷிப்ட்காரர்களும் வரும்படி ஞாயிற்றுக்கிழமையாக வையுங்கள். படம் முடிந்தபிறகு என்னைப் போன்ற ஒருவரை மேடையேற்ற வேண்டாம். முகாமிலிருந்து வருகிற பெரியவர்கள், பேச விருப்பமுள்ளவர்கள், அவர்கள் கையில் மைக்கைக் கொடுங்கள். நான் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.